பவானிப் படுகையில் தண்ணீர்ப் பங்கீடு: அணைக் கணக்கு முதல் வயல் மடை வரை

கீழ்பவானிக் கால்வாயில் நொடிக்கு 2,300 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது என்று செய்தி வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு கடைமடை விவசாயி ஒரு நாற்றங்கால்கூட விட முடியாது. தன் மதகுக்கு எந்தத் தேதியில், எத்தனை கன அடி, எத்தனை மணி நேரம் வரும் என்பது தெரிந்தால்தான் அவருக்கு அது தண்ணீர். 'எங்களுக்குப் பாத்தியம் உண்டு' என்று எல்லாத் தரப்பும் சொல்கிறது, எல்லாரும் சொல்வது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பாத்தியம் அளவாகவும் இடமாகவும் நாளாகவும் எழுதப்படாத வரை மதகடியில் சண்டை ஓயாது.

நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவர்கள், பகிர்மானக் குழு உறுப்பினர்கள், புதிதாகப் பாசனப் பிரிவுக்கு வரும் பொறியாளர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டு முழுக்கப் பவானிப் படுகை. வேறு ஆற்றிலும் எண்களை மாற்றிப் போட்டால் இதே கணக்குதான்.

முதலில் பட்டியல்: யார், எங்கே எடுக்கிறார்கள்

ஆற்றின் தலையிலிருந்து அது காவிரியில் கலக்கும் கூடுதுறை வரை ஒரு நீளக் கோடு போட்டு, தண்ணீர் எடுக்கும் ஒவ்வோர் இடத்தையும் வரிசையாகக் குறியுங்கள். வரிசை முக்கியம். மேலே இருப்பவர் செய்வது கீழே இருப்பவரைத் தொடும். கீழே இருப்பவர் செய்வது மேலே போகாது.

பவானியில் அந்தக் கோடு இப்படி அமையும். நீலகிரியில் மேல் பவானி, அவலாஞ்சி, எமரால்டு, குந்தா என மின்வாரிய அணைகள். ஆறு கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய்ச் சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு திரும்புகிறது. பிறகு பில்லூர்: இங்கே மின்சாரமும் கோவைப் பகுதிக்குக் குடிநீரும். அதன்கீழ் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஊர்களும் ஆலைகளும். பைக்காராப் பக்கத்திலிருந்து வரும் மாயாறு சேருமிடத்தில் பவானிசாகர் அணை, 105 அடி, 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). அணையிலிருந்து கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. ஆற்றிலேயே விடப்படும் தண்ணீரைக் கொடிவேரி அணைக்கட்டு மறித்துத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் வழி 24,504 ஏக்கருக்குத் தருகிறது. கடைசியில் காலிங்கராயன் அணைக்கட்டு, 15,743 ஏக்கர். 13ஆம் நூற்றாண்டின் வேலை. அதற்கும் கீழே, உபரியாக வரும் நீரை மட்டும் எடுக்கும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம்: 1.5 டிஎம்சி, 1,045 குளம் குட்டைகள், 2024 ஆகஸ்டில் தொடக்கம்.

இந்தப் பட்டியலில் விட்டுப்போகிறவர்கள்தான் பின்னால் வந்து கணக்கைக் கவிழ்ப்பார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் நீரேற்று நிலையங்கள், ஆற்றங்கரைக் கிணறு வெட்டிக் குழாய் போட்டுச் சில கிலோமீட்டர் கொண்டுபோகிறவர்கள், கால்வாய்க் கசிவை நம்பிய கிணறுகள் எல்லாவற்றையும் ஒரு முறை நடந்தே போய்ப் பார்த்து எழுதுங்கள். அலுவலகப் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையும் கரையில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போவது அரிது.

உரிமையை எழுதும் விதம்

ஒவ்வொரு தரப்புக்கும் நான்கு கட்டம் போடுங்கள். எவ்வளவு, கன அளவில். எந்த இடத்தில் அளந்தது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. தண்ணீர் குறைந்தால் யாருக்கு முன், யாருக்குப் பின். நான்காவது கட்டத்தைத்தான் எல்லாரும் காலியாக விடுகிறார்கள், வறட்சி வருடத்தில் முதலில் தேவைப்படுவதும் அதுதான்.

'ஏக்கர்' என்பதை உரிமையின் அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று பவானியிலேயே தெரியும். முதல் போகத்துக்கு 120 நாள் என்று வைத்து, அண்மை ஆண்டுகளின் அரசாணைகளில் வரும் அளவுகளைப் பாருங்கள். கீழ்பவானிக்கு 1,03,500 ஏக்கருக்கு 2,300 கன அடி: ஒரு கன அடிக்கு 45 ஏக்கர். காலிங்கராயனுக்கு 500 கன அடி என்றால் ஒரு கன அடிக்கு சுமார் 31 ஏக்கர். தடப்பள்ளி–அரக்கன்கோட்டைக்கு 850 கன அடி என்றால் சுமார் 29 ஏக்கர். ஒரே ஆறு, ஒரே நெல், ஆனால் ஏக்கருக்கான தண்ணீரில் ஒன்றரை மடங்கு வித்தியாசம். கொடிவேரி, காலிங்கராயன் பாசனப் பரப்பான பழைய ஆயக்கட்டு, அணை வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓடும் ஆற்றில் பாசனம் செய்தது. அந்தப் பழக்க உரிமைதான் இந்த வித்தியாசத்துக்கு அடிப்படை. 1955இல் முடிந்த அணை தேக்கிக் கொடுக்கும் தண்ணீர் கீழ்பவானி என்ற புதிய ஆயக்கட்டுடையது. இதை மறைக்காமல் அட்டவணையில் போட்டு இரு தரப்பையும் பார்க்க விடுங்கள். ஏக்கர் கணக்கில் சமம் கேட்டு ஒருவர், வரலாறு சொல்லி இன்னொருவர் என்று இரண்டு பாஷையில் வாதாடுவது அதன் பிறகாவது குறையும்.

கீழ்பவானிக்குள்ளேயே இன்னொரு பங்கீடு உண்டு. 2,07,000 ஏக்கரும் ஒரே நேரத்தில் பாய்வதில்லை. பிரதான கால்வாயில் ஒற்றைப்படை மதகுகள் ஒரு தொகுதி, இரட்டைப்படை மதகுகள் ஒரு தொகுதி. சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலில் இது தலைகீழாகச் சேரும். தொகுதிக்கு 1,03,500 ஏக்கர். ஆகஸ்ட் 15இல் தொடங்கும் நன்செய் போகம் ஒரு தொகுதிக்கு, ஜனவரியில் தொடங்கும் புன்செய் போகம் மற்றதற்கு. அடுத்த ஆண்டு மாறும். இவ்வளவு பெரிய பரப்பில் இழப்பைச் சமமாகப் பிரிக்க இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. அதனால் இந்த வரிசையை ஒரு வருடம் 'சலுகையாக' மாற்றிவிட்டால் சரிசெய்யப் பல வருடம் ஆகும். மாற்றாதீர்கள்.

மூன்று எண்கள் மனப்பாடமாக

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. 2,300 கன அடி ஒரு நாள் ஓடினால் 0.2 டிஎம்சிக்குக் கொஞ்சம் குறைவு; 120 நாளில் 23.85 டிஎம்சி.

நொடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும். வயல்வெளியில் காகிதம் பென்சில் இல்லாமல் கணக்குப் போட இது ஒன்று போதும்.

குடிநீர்க்காரர்கள் நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் லிட்டர் என்று பேசுவார்கள். ஒரு கன அடி என்பது நாளுக்கு 24.5 லட்சம் லிட்டர். பத்து லட்சம் பேர் உள்ள நகரத்துக்குத் தலைக்கு 135 லிட்டர் கொடுத்தால் 55 கன அடி, வருடத்துக்கு 1.74 டிஎம்சி. குடிநீருக்கு முதலிடம் தருவதில் பாசனத்துக்குப் பெரிய இழப்பு இல்லை என்பதை இந்த எண் காட்டும். குடிநீரின் சிக்கல் அளவு அல்ல, இடைவிடாமல் வேண்டும் என்பது. அணையில் கடைசியாக மிச்சம் இருப்பது அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

திறப்புக்கு முன் அணையின் வரவு செலவு

ஜூலைக் கடைசியில் உட்கார்ந்து இதைப் போடுங்கள். செலவுப் பக்கம்: கீழ்பவானி நன்செய் 23.85, தடப்பள்ளி–அரக்கன்கோட்டை 8.81, காலிங்கராயன் 5.18. மூன்றும் சேர்ந்து 37.84 டிஎம்சி. அணை நிரம்பி வழிந்தாலும் 32.8தான். அதாவது ஆகஸ்ட் 15 அன்று அணை முழுதாக இருந்தாலும் முதல் போகத்துக்கே போதாது; திறந்த பிறகு வரும் வரத்தும், அணைக்குக் கீழே பள்ளங்கள் வழியாக ஆற்றில் சேரும் நீரும்தான் மிச்சத்தைத் தர வேண்டும். இதோடு ஜனவரிக்குப் புன்செய் போகத்துக்கு 12 டிஎம்சி. குடிநீர், ஆவியாதல், எடுக்க முடியாத அடிமட்ட இருப்பு தனி. வெள்ளக் காலத்தில் பாதுகாப்புக்காக அக்டோபர் முடிய 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை என்ற விதியையும் சேருங்கள்.

'அணையில் 90 அடி இருக்கிறதே, ஏன் திறக்கவில்லை' என்ற கேள்விக்கு இந்த ஒரு பத்திதான் பதில். இதைச் சங்கப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

வரவுப் பக்கத்துக்குப் பழைய வரத்துப் பதிவு வேண்டும். 31 வருடப் பதிவு இருந்தால், ஆகஸ்டு–டிசம்பர் மொத்த வரத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி 24ஆவது எண்ணை எடுங்கள். நான்கில் மூன்று வருடம் அந்த அளவோ அதற்கு மேலோ வரும். திட்டம் போட அந்த எண், சராசரி வேண்டாம். சராசரியை வெள்ள வருடங்கள் தூக்கிவிடும், அந்த வெள்ளத்தின் பெரும்பகுதி மறுகால் வழி போய்விட்ட தண்ணீர்.

பில்லூரிலிருந்து வரும் வரத்தைப் படிக்கும்போது கவனம். மின்வாரியம் மின்தேவை கூடும் நேரத்தில் திறக்கும், பிறகு அடைக்கும். மாலையில் ஒரு மணி நேர அளவை எடுத்து 24ஆல் பெருக்கினால் இல்லாத தண்ணீர் கணக்கில் ஏறும். அணை இருப்பு ஒரு நாளில் எவ்வளவு மாறியது, எவ்வளவு வெளியேறியது என்ற இரண்டையும் கூட்டி வருவதே நம்பத்தக்க வரத்து. மின்வாரியத்தோடு பேச வேண்டியதும் அளவைப் பற்றி அல்ல: டர்பைன் வழியாக வந்த தண்ணீர் குறைவதில்லை, எப்போது வருகிறது என்பதே பிரச்சினை. ஏப்ரல், மே மாதங்களில் மேலே எவ்வளவு இருப்பு வைக்கப்படும், எந்த வாரத்தில் இறங்கும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

மாநில எல்லையும் இந்தக் கணக்கில் வரும். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பில் கேரளத்துக்கான 30 டிஎம்சியில் 6 டிஎம்சி பவானிப் படுகையிலிருந்து. இன்று அது முழுதாகப் பயன்படவில்லை என்பதால் நம் கணக்கில் சேர்த்துக்கொள்வது தவறு. நாளை அட்டப்பாடியில் தடுப்பணை வந்தால் அது அவர்கள் உரிமைக்குள் நடப்பது.

இழப்பு யார் தலையில்

கால்வாய்த் தலையில் 2,300 விட்டால் வயலுக்கு 2,300 வராது. 23.85 டிஎம்சியை 1,03,500 ஏக்கரில் பரப்பினால் 5.3 அடி ஆழம் நிற்க வேண்டும். நூற்றுக்கு அறுபதுதான் வயலைச் சேர்கிறது என்று வைத்தால் 3.2 அடி, ஏறக்குறைய 970 மில்லிமீட்டர். நெல்லுக்கு 1,100 முதல் 1,250 வரை தேவை. மிச்சம் வடகிழக்குப் பருவமழையிலிருந்து. மழை தவறினால் நவம்பரில் கதிர் வெளிவரும் நேரத்தில் கை கடிப்பது இதனால்தான்.

உங்கள் பகுதியின் இழப்பை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். மூன்று நாள் மட்டம் மாறாமல் ஓடும் சமயம் பார்த்து, பத்து மைல் நீளத்துக்கு மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒரே நாளில் அளவு எடுங்கள். மேலே 2,000, கீழே 1,700, இடையிலுள்ள மதகுகள் சேர்ந்து 220 என்றால் 80 கன அடி காணோம், நூற்றுக்கு நான்கு. பத்து மைலுக்கு நான்கு என்பது சிறிதாகத் தெரியும். 124 மைலுக்கு அதே வீதம் போனால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று பெருக்கிப் பாருங்கள்.

காணாமல் போன 80இல் எல்லாம் வீண் அல்ல. மண்கரை வழி கசிந்தது கிணறுகளில் ஏறுகிறது, பள்ளங்களில் வடிந்து இன்னொரு பாசனமாகிறது. கீழ்பவானிக் கால்வாய்க்குக் கான்கிரீட் போடும் திட்டம் விவசாயிகளையே இரண்டாகப் பிரித்ததற்கு இதுதான் காரணம். கடைமடைக்காரர் இழப்பு என்பதைக் கிணற்றுக்காரர் உயிர்நீர் என்கிறார், இருவர் சொல்வதும் சரி. எனவே இழப்பைக் கசிவு, ஆவியாதல், திருட்டு என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். முதலில் கையை வைக்க வேண்டியது மூன்றாவதில். அதை விட்டுவிட்டுக் கான்கிரீட்டைப் பற்றி மட்டும் பேசுவது எளிதில் மாட்டுகிறவர் மேல் செலவைத் தள்ளுவதாகும் என்பது எங்கள் கருத்து.

ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றும்போது நொடிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் இழுக்கும், அது 0.7 கன அடி. ஆறு மோட்டார் ஓடினால் 180 ஏக்கர் மதகு ஒன்றின் பங்கான 4 கன அடியும் போயிற்று. அடைத்த மதகில் கால் கன அடி கசிந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. 120 நாளில் அது 60 ஏக்கர்-அடி, அதாவது 60 ஏக்கரில் ஓர் அடி நிற்கும் தண்ணீர்: சுமார் 37 ஏக்கர் புன்செய்ப் பயிரின் முழுத் தேவை. ஷட்டரின் ரப்பர் பட்டையை மாற்றும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறையும் வருடத்தில் எதை வெட்டுவது

நெல்லுக்குத் தண்ணீரை எல்லாருக்கும் கால் பங்கு குறைத்துக் கொடுப்பது நியாயமாகத் தெரியும், விளைவு மோசமாக இருக்கும். பூக்கும் சமயத்தில் பத்து நாள் காய்ந்தால் மகசூல் கால் பங்கோடு நிற்காமல் பாதிக்கும் மேல் விழலாம். ஆகவே ஆழத்தைக் குறைக்காமல் பரப்பையோ நாளையோ பயிரையோ குறையுங்கள். அதையும் நாற்றங்கால் விடும் முன்பே சொல்லிவிடுங்கள். நட்ட பிறகு சொல்லும் எந்த அளவும் பங்கீடு ஆகாது, அது நஷ்டத்தின் அறிவிப்பு.

புன்செய் போகத்தில் இது எளிது. தண்ணீர் தொடர்ந்து ஓடாது, நனைப்பு நனைப்பாக விட்டு விட்டு வரும். 12 டிஎம்சிக்கு ஐந்து நனைப்பு என்றால், 9 டிஎம்சி இருக்கும் வருடத்தில் நான்குக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு நனைப்பில் எள், உளுந்து வரும், கடலை தாங்கலாம், மக்காச்சோளத்துக்குக் கிணறு துணை வேண்டும். 12 டிஎம்சியில் நூற்றுக்கு அறுபது சேர்ந்தால் வயலில் 490 மில்லிமீட்டர்தான். இந்தப் போகத்தில் நெல் நடுகிறவர் இரண்டு பங்குக்கு மேல் எடுக்கிறார், அந்த இரண்டாவது பங்கு கீழே இருக்கும் யாரோ ஒருவருடையது. போகத்துக்கு முன் ஒவ்வொரு மதகிலும் பயிர்ப் பதிவு எடுத்து, விதி மீறிய நெல்லுக்குப் பாய்ச்சும் முறை நேரம் கூட்டப்படாது என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பழைய, புதிய ஆயக்கட்டுகளுக்கிடையே எங்கள் நிலைப்பாடு இது: பழைய ஆயக்கட்டின் முதல் போகத்தைத் தொடக்கூடாது. அதன் அடுத்த போகமும் புதிய ஆயக்கட்டின் ஒரே போகமும் மோதினால், வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் தண்ணீர் காண்கிறவருக்கு முன்னிடம். கரும்பு, வாழை போன்ற நிற்கும் பயிருக்கு உயிர்நீர் தனியாக ஒதுக்குங்கள், ஆனால் புதிதாக நடுவதற்கு அதில் இடம் கொடுக்காதீர்கள். மாநிலங்களுக்கிடையே 2007 தீர்ப்பு, குறைந்த ஆண்டில் எல்லாப் பங்கும் அதே விகிதத்தில் குறையட்டும் என்றது. பெரிய தரப்புகளுக்கு அது பொருந்தும். ஒரு மதகுக்குள் பொருந்தாது. அரை ஏக்கர்காரருக்கு அதிலும் பாதி கிடைத்தால் அவர் பயிரே வைக்க முடியாது.

ஆலைகளுக்கு எடுக்கும் அளவு ஒன்று, திரும்ப விடும் அளவு ஒன்று, தரம் ஒன்று என மூன்று கட்டம். நொய்யலில் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையை என்ன செய்தது என்று இந்தப் பகுதிக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு மிகுந்த நீரை ஆற்றில் திருப்பி விடுகிறவர், அளவில் குறைக்காவிட்டாலும் கீழே இருப்பவரின் பங்கைக் குறைத்தவரே. கழிவுநீரில் கரைந்த உப்புக்கு வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். கையடக்க மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. காலிங்கராயன் வாய்க்காலில் வாரம் ஒரு தடவை ஒரே இடத்தில் அளந்து எழுதிவைக்கும் சங்கத்தின் புகாருக்கு மதிப்பு வேறு.

மதகுக்குக் கீழே: முறை போடுவது

180 ஏக்கர் பாயும் மதகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 45 ஏக்கருக்கு ஒன்று வீதம் 4 கன அடி. மதகிலிருந்து வயல்களுக்குப் போகும் கொப்பு வாய்க்காலில் நூற்றுக்குப் பதினைந்து போனால் 3.4. சுற்று எத்தனை நாள்? ஏழு நாள் வைக்காதீர்கள். ஏழு நாள் சுற்றில் செவ்வாய் நள்ளிரவு முறைக்காரருக்கு 120 நாளும் நள்ளிரவுதான். ஏழரை நாள் வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பகலும் இரவும் தானாக மாறும்.

ஏழரை நாள் என்பது 180 மணி. காலி வாய்க்கால் நனைந்து நிரம்ப 6 மணி ஆகிறதென்று அளந்திருந்தால் அதைக் கழித்து 174 மணி. 180 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு 58 நிமிடம். அந்த 58 நிமிடத்தில் 3.4 கன அடி ஓடினால் வயலில் 3.26 அங்குலம், 83 மில்லிமீட்டர். நாளுக்கு 11 மில்லிமீட்டர் ஆகிறது. நெல்லின் ஆவித்தேவையும் வயல் கசிவும் சேர்ந்து செம்மண் கலந்த நிலத்தில் 8 முதல் 10 வரை போகும். போதும், அதிகமும் இல்லை.

பாய்ச்சும் வரிசை கடைமடையிலிருந்து மேல் நோக்கி இருக்கட்டும். வாய்க்கால் ஒரே தடவை முழுதாக நிரம்பும், அதன்பின் ஒவ்வொருவரும் தன் மடையை வெட்டிக்கொண்டு மேலே வரலாம். தலைமடையிலிருந்து கீழே போனால் ஒவ்வொரு நீளத்துக்கும் புதிதாக நனைக்கும் நேரம் செலவாகும், அது முழுக்கக் கடைசி ஆளின் கணக்கில் விழும். தலைமடைக்காரர்கள் முதலில் எதிர்ப்பார்கள். அவர்களுக்கு நேரம் குறையவில்லை, நாள் மட்டும் தள்ளிப்போகிறது என்பதை அட்டவணையைக் காட்டிப் பேசுங்கள்.

பெயர், சர்வே எண், ஏக்கர், தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகிய ஐந்தையும் அட்டையில் அடித்து மதகடியில் ஒட்டுங்கள். முறையை விற்பதும் மாற்றிக்கொள்வதும் நடக்கும், தடுக்க வேண்டாம். ஆனால் ஒரே மதகுக்குள், எழுத்தில், ஒரு சுற்றுக்கு மட்டும். ஆயக்கட்டுக்கு வெளியே போகும் தண்ணீருக்கு எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அளக்காமல் பேசாதீர்கள்

கருவி இல்லாதபோது மிதவை முறை. நேரான, புல் இல்லாத 50 அடி நீளம் தேர்ந்து இரு முனையிலும் கயிறு கட்டுங்கள். சராசரி அகலம் 4 அடி, மூன்று இடத்தில் அளந்த சராசரி ஆழம் 1.25 அடி என்றால் பரப்பு 5 சதுர அடி. பாதி மூழ்கும் எலுமிச்சையை மேலே போட்டு ஐந்து முறை நேரம் பாருங்கள். தேங்காய் மட்டை காற்றில் தள்ளிப்போகும், வேண்டாம். 50 அடியை 50 நொடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு ஓர் அடி. அடியில் வேகம் குறைவு என்பதால் 0.85ஆல் பெருக்குங்கள்: 4.25 கன அடி. பத்துக்கு ஒன்று தவறு வரும், ஆனால் பாதித் தண்ணீர் காணாமல் போனதைப் பிடிக்க இது போதும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால், நடுவில் குறுகிய கழுத்து வைத்துக் கட்டும் அளவைத் தொட்டியான பார்ஷல் ஃப்ளூம். கழுத்து அகலம் 1 அடி உள்ளதில், அளவுகோல் 1 அடி காட்டினால் 4 கன அடி. அரை அடி காட்டினால் இரண்டு அல்ல, 1.4தான். மட்டம் பாதியானால் தண்ணீர் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. 'கொஞ்சம்தானே இறங்கியிருக்கிறது' என்ற சமாதானத்தை ஏற்காதிருக்க இந்த ஒரு எண் போதும். ஃப்ளூமுக்குக் கீழே செடி அடைத்து நீர் எதிர்த்து நின்றால் அளவு பொய்யாகும்: கீழ்மட்டம் மேல்மட்டத்தில் நூற்றுக்கு எழுபதைத் தாண்டினால் அந்த அளவை எழுதாதீர்கள், வாய்க்காலைச் சுத்தம் செய்யுங்கள்.

திறக்கும்போது, அடைக்கும்போது

காய்ந்த மண்கரைக்கு ஒரே நாளில் 2,300 கன அடி கொடுத்தால் எங்காவது எலி வளை வழியாக உடைப்பு எடுக்கும். சில நூறு கன அடியில் தொடங்கி நாளுக்கு நாள் ஏற்ற வேண்டும். நொடிக்கு இரண்டடி வேகம் வைத்தாலும் 200 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு நாள்; நனைப்பதும் ஏற்றுவதும் சேர்ந்தால் இன்னும் கூடும். கடைமடையின் 120 நாள் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று அரசாணைத் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பதும் படிப்படியாகத்தான், மட்டம் சட்டென்று இறங்கினால் ஊறிய கரை உள்பக்கமாகச் சரியும்.

ஆபத்தான இரவு மழை பெய்யும் இரவு. வயலில் தண்ணீர் போதும் என்று ஐம்பது பேர் ஒரே நேரத்தில் மதகை அடைப்பார்கள், அத்தனையும் கால்வாயில் ஏறிக் கீழே பலவீனமான கரையைத் தேடும். கால்வாய்க் காவலரான லஸ்கருக்குச் சொல்லாமல் யாரும் அடைக்கக்கூடாது. உபரிநீர்ப் போக்கியின் சாவி யாரிடம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உடைப்பு எடுத்தால் கால்வாய் முழுவதும் நிற்கும், உடைப்புக்கு மேலே இருப்பவருக்கும் சேர்த்து. நின்ற நாள்களை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். மறுபடி திறக்கும்போது, முறை எந்த இடத்தில் நின்றதோ அங்கிருந்தே தொடர வேண்டும். புதிதாகத் தொடங்கினால் ஒவ்வொரு உடைப்பிலும் அதே ஆட்கள் இழப்பார்கள். நாள் நீட்டிப்புக் கேட்டு நீர்வளத் துறைக்கு எழுதும்போது கண்ணீர் வேண்டாம், கணக்கு வேண்டும்: எந்த மைலில், எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனை மில்லியன் கன அடி வரவில்லை, அணையில் அதற்கு இருப்பு உண்டா.

நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் பகிர்மானக் குழுக்களும் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. போகத்துக்கான முறைத் திட்டம் போடுவது அவற்றின் வேலை. தீர்மானம் எழுத்தில் இருந்தால்தான் அதை வைத்துக் கேட்க முடியும். புகார்ப் பதிவேட்டில் தேதி, நேரம், மதகு எண், அளந்த அளவு, அப்போது அங்கே இருந்த இருவர் கையெழுத்து இவை இல்லாத புகாரை ஏற்காதீர்கள். மோட்டார் பிடிக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், வருவாய்த் துறையோ மின்வாரியமோ உடன் வரட்டும். மின் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் அவர்களிடம்தான்.

போகம் முடிந்து கால்வாய் அடைத்த வாரத்திலேயே நான்கு எண்களைக் குறித்துவிடுங்கள்: அணையிலிருந்து வந்தது, உங்கள் பகிர்மான வாய்க்காலின் தலையில் வந்தது, கடைசி மதகில் வந்தது, பாய்ந்த ஏக்கர். அடுத்த வருடம் நனைப்பு குறையும்போது, நூற்றுக்கு அறுபது என்ற ஊகத்துக்குப் பதில் உங்கள் சொந்த எண்ணை வைத்துப் பேசலாம்.